பாம்பன் மந்தாரத்தை ஃபிளைட் சிமுலேட்டருக்குள் கொண்டுவருவது எப்படி?

கார்த்திகை மாதத்து மதியம் ஒன்று. மண்டபத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து, கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஃபிளைட் சிமுலேட்டரில், பாம்பன் பாலத்துக்கு மேலே செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள், கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. பொழுது போகாமல் வந்த சித்தப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். சிமுலேட்டரில் தயாராக இருக்கும் ‘ஓவர்காஸ்ட்’ (முழு மேகமூட்டம்) வானிலையைப் போட்டுவிட்டு, பாராட்டு வரும் என்று நான் காத்திருந்தேன்.

“எந்த ஊரு மேகம்டா தம்பி இது? கொண்டல்ல மழை புடிச்சா வானம் எது கடல் எதுன்னு தெரியாது. இங்க பாலம் பளபளன்னு கிடக்கு, தலைக்கு மேல மட்டும் பஞ்சு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு.”

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வெளியே மேகம் என்று தனியாக எதுவுமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சுவர் நின்றது, அவ்வளவுதான். நம்மில் பலர் மேகத்தை மட்டும் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, உண்மை போல இல்லையே என்று அலுத்துப்போகிறோம். நான் இப்போது பின்பற்றும் வரிசை தலைகீழானது: முதலில் பார்வைத் தூரம், அதன் பிறகுதான் மேகம், அடுத்து வெளிச்சம். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசைக்கான விளக்கம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் 12, இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். இடம் மட்டும் எங்கள் கரைதான்: மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி.

முதலில், எந்த வானம் வேண்டும்?

ராமநாதபுரம் கரையில் ‘மோசமான வானிலை’ என்பது ஒரே வகை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் கொண்டல் மழை ஒரு வகை. தாழ்ந்த மேகம் வானம் முழுக்கப் பரவியிருக்கும், மழை விட்டுவிட்டுப் பெய்யும், பகல் முழுவதும் விளக்குப் போடத் தோன்றும். புயல் சின்னம் பக்கத்தில் வந்து நிற்கும் நாள் வேறு வகை. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மன்னார் வளைகுடாவில் எங்கள் கரையோரம் நகராமல் கிடந்ததே, அது இந்த ரகம். 2024 நவம்பர் 20 எந்த ரகத்திலும் சேராத விதிவிலக்கு: ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பாம்பனில் மேகவெடிப்பு என்றார்கள். அப்படிப்பட்ட நாளில் மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கே பொருளில்லை. மழைத் திரை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் கண்மாய்ப் பக்கம் விடியற்காலையில் இறங்கும் பனி மூன்றாவது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணலும் உப்பும் கலந்து காற்றில் நிற்கும் வெளுப்பு நான்காவது. பின்னவை இரண்டையும் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கொண்டல் மந்தாரத்துக்குத்தான், ஏனென்றால் சிமுலேட்டர்கள் அதிகம் சொதப்புவது அதில்தான்.

படி 1: வெளியே போய் அளந்துகொள்ளுங்கள்

இது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வசதி. விமான நிலையங்களில் மேகத்தின் உயரத்தை அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கிறது. அதன் உயரம் 323 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,060 அடி. கோபுரத்தின் உச்சி மேகத்துக்குள் புதைந்திருந்தால் மேகத்தின் அடிப்பகுதி 1,060 அடிக்குக் கீழே இருக்கிறது. பாதிக் கோபுரம் காணாமல் போனால் ஏறத்தாழ 500 அடி. உச்சி சிவப்பு விளக்கோடு தெளிவாகத் தெரிந்தால் மேகம் அதற்கு மேலே. பள்ளிக்கூடப் பையன்கூட இதைக் குறித்துவைக்கலாம்.

பார்வைத் தூரத்தை அளக்கப் பாலம் போதும். 1988-இல் திறந்த அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மண்டபம் பக்க முனையில் நின்று பாருங்கள். பாம்பன் முனையில் நிற்கும் வண்டிகளின் விளக்கு தெரிந்து, ஆனால் வண்டி தெரியாவிட்டால் பார்வைத் தூரம் 2 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுப்பாலமே கரைந்துபோனால் ஒரு கிலோமீட்டர். பாலம் முழுக்கத் தெரிந்து, அதற்கு அப்பால் தீவின் தென்னை வரிசை வெறும் கோடாக நின்றால் நான்கு, ஐந்து.

இந்தப் பக்கம் வசிக்காதவர்கள் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இன்சாட் படங்களையும் காரைக்கால் ரேடார் படத்தையும் பார்த்து வகையைத் தெரிந்துகொள்ளலாம். உயரமும் தூரமும் வேண்டுமென்றால் மதுரை, தூத்துக்குடி விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கை இருக்கிறது. அதில் பார்வைத் தூரம் மீட்டரில் இருக்கும். 9999 என்றிருந்தால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று பொருள். மேக உயரத்தை நூறு அடிக் கணக்கில் எழுதுவார்கள், 010 என்றால் 1,000 அடி. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எட்டும் மூடியிருந்தால் ஓ.வி.சி., ஐந்து முதல் ஏழு வரை மூடியிருந்தால் பி.கே.என். என்று போடுவார்கள். ஆனால் மதுரை கடலிலிருந்து வெகுதூரம். அங்கே பளிச்சென்று இருக்கும்போதே இங்கே கொட்டும்.

படி 2: நேரலை வானிலையை அணைத்துவிடுங்கள்

நேரலை வானிலை, அதாவது அந்த நேரத்து நிஜ வானிலையை இணையத்திலிருந்து எடுத்துக் காட்டும் வசதி, கெட்டது என்று சொல்ல வரவில்லை. நெடுந்தூரப் பறத்தலுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. எக்ஸ்-பிளேன் 12 அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். கணிப்பு மாதிரியிலிருந்தும் மெட்டாரிலிருந்தும் எடுக்கிறது, மைக்ரோசாஃப்ட் மீட்டியோபுளூ என்ற வானிலை நிறுவனம் தரும் தரவை எடுக்கிறது. ஜி.எஃப்.எஸ். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கிறது, கட்டம் ஒன்று ஏறத்தாழ 28 கிலோமீட்டர் அகலம். பாம்பன் தீவு முழுவதும் அப்படி ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். பாக் நீரிணைப் பக்கம் இருட்டிக்கொண்டு வர, மன்னார் வளைகுடாப் பக்கம் வெளுத்துக் கிடக்கும் வேடிக்கையை அது எப்படிக் காட்டும்? அதனால் ‘கஸ்டம்’ அல்லது ‘மேனுவல்’ நிலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்-பிளேனில் மாறும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வட்டாரத்துக்குள் வானிலை எவ்வளவு மாறுபட வேண்டும் என்று கேட்கும் இடத்தில், முதல் முயற்சிக்குக் குறைந்த அளவையே வையுங்கள். நேரம் ஆக ஆக எப்படி மாற வேண்டும் என்ற இடத்தில் ‘மாறாமல் இருக்கட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அளவெடுத்து முடிக்கும் முன் வானம் நகர்ந்துகொண்டே இருந்தால் எதைத் திருத்தினோம் என்று தெரியாது.

படி 3: பார்வைத் தூரம், மேகத்துக்கு முன்பாக

வானத்தில் ஒரு மேகமும் வைக்காமல், பார்வைத் தூரத்தை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். விசித்திரமாக இருக்கும், ஆனால் செய்து பாருங்கள்.

பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் என்றால் 5 கிலோமீட்டர் வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்து, அதன் பிறகு திரை விழுந்த மாதிரி மறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கருத்த பொருளுக்கும் பின்னணி வானத்துக்கும் உள்ள வேறுபாடு, அருகில் இருப்பதில் 2 சதவீதமாகச் சுருங்கும் தூரத்தைத்தான் பார்வைத் தூரம் என்கிறார்கள். அந்தச் சுருக்கம் முதல் மீட்டரிலிருந்தே தொடங்குகிறது. 5 கிலோமீட்டர் பார்வைத் தூரத்தில், இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொருளின் வேறுபாடு 14 சதவீதம்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருப்பதே பாதிக்கு மேல் வெளுத்துவிடும். சித்தப்பா ‘பாலம் பளபளன்னு கிடக்கு’ என்றது இதைத்தான். ‘ஓவர்காஸ்ட்’ தயார் வானிலையில் மேகம் மட்டும் மாறி, கீழே உள்ள காற்று மாசிமாதக் காற்றாகவே இருக்கிறது.

எக்ஸ்-பிளேனில் பார்வைத் தூரத்துக்கு நேரடியாகவே நகர்த்தி (ஸ்லைடர்) இருக்கிறது. மைலில் காட்டினால் கிலோமீட்டரை 1.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கொண்டல் நாளுக்கு 5 கிலோமீட்டர், மழை பிடித்த நேரத்துக்கு 2 முதல் 3 கிலோமீட்டர். ஃபிளைட்கியரில் வானிலைப் பெட்டிக்குள் மெட்டார் வரியை நாமே தட்டச்சு செய்யலாம். பார்வைத் தூரத்துக்கான இடத்தில் 3000 என்று போட்டால் 3 கிலோமீட்டர். மூன்றிலும் எளிமையானதும், எனக்கு அதிகம் பிடித்ததும் இந்த வழிதான்.

மைக்ரோசாஃப்ட்டில் கதை வேறு. கஸ்டம் வானிலைப் பலகையில் பார்வைத் தூரம் என்று தனியாக ஒன்றும் இல்லாமல், ‘ஏரோசால்’ அடர்த்தி என்ற ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். காற்றில் மிதக்கும் துகளின் அளவு அது. எண்ணைப் பார்த்து எவ்வளவு கிலோமீட்டர் என்று சொல்ல முடியாது. அதனால் பாலத்தையே அளவுகோலாக வைக்கிறேன். சிமுலேட்டருக்குள் இருக்கும் டிரோன் கேமராவை மண்டபம் பக்கம் பாலத்தின் தொடக்கத்தில், ஆள் உயரத்தில் நிறுத்துங்கள். ஏரோசாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாம்பன் முனை எப்போது கரையத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். சில இடங்களில் பாலம் தூண் இல்லாமல் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கலாம். பரவாயில்லை, நீளம் மாறாது. எவ்வளவு ஏற்றியும் போதவில்லை என்றால் மேலும் ஏற்ற வேண்டாம், திரை மஞ்சள் பூத்துவிடும். மீதியை அடுத்த படியில் தாழ்ந்த மேக அடுக்கைக் கொண்டு சரிக்கட்டலாம்.

இந்த நிலையிலேயே ஒரு நிமிடம் பறந்து பாருங்கள். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் செஸ்னா ஒரு விநாடிக்கு 50 மீட்டருக்குச் சற்று மேல் போகும். 5 கிலோமீட்டர் என்றால் கண்ணில் படும் பொருளை ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் அடைந்துவிடுவீர்கள். 2.3 கிலோமீட்டர் என்றால் முக்கால் நிமிடம். எதிரே 323 மீட்டர் கோபுரம் இருப்பதை நினைத்துக்கொண்டு பறந்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

படி 4: மூன்று அடுக்கு மேகம்

இப்போதுதான் மேகம். மைக்ரோசாஃப்ட்டிலும் எக்ஸ்-பிளேனிலும் மூன்று அடுக்குகள் வைக்கலாம். எல்லோரும் ஒரே அடுக்கைத் தடிமனாக வைத்துவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விடுகிறார்கள். மூன்றையும் பயன்படுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்கிறது.

மேலடுக்கில் தொடங்குங்கள். அடி 10,000 அடி, மேல்பகுதி 15,000 அடி, வானம் முழுக்கப் பரவல், அடர்த்தி குறைவு. கீழே இருந்து பார்க்கும்போது இந்த அடுக்கு கண்ணுக்கே தெரியாது. அப்புறம் எதற்கு என்றால், சூரியனை மறைக்க. நடு அடுக்கில் எங்கேயாவது மெல்லிய இடம் இருந்தால் அந்த வழியாக நீலமும் வெயிலும் எட்டிப் பார்க்கும். கொண்டல் நாளில் அப்படி நடக்காது. மேலடுக்கு அந்த ஓட்டையை அடைத்துவிடும்.

நடு அடுக்குதான் மந்தாரத்தின் உடம்பு. அடி 1,000 அடி, மேல்பகுதி 6,000 அடி, பரவல் முழுமை. எக்ஸ்-பிளேனில் மேக வகை கேட்டால் தட்டையாகப் பரவும் ஸ்ட்ராட்டஸ். குவியலாக எழும் கியூமுலஸ் போட்டால் மறுபடியும் பஞ்சு மூட்டைதான். மைக்ரோசாஃப்ட்டில் அடர்த்தியைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, சிதறலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அடிப்பகுதி மேடுபள்ளம் இல்லாமல், நனைந்த போர்வை மாதிரி தட்டையாகும் வரை குறைக்கலாம். அடர்த்தியை உச்சத்துக்கு ஏற்றுவது எல்லோரும் செய்யும் தவறு. மழை மேகம் கறுப்பாக இருக்கும் என்று நாம் வாயால் சொன்னாலும், கொண்டல் மந்தாரம் அழுக்கு வேட்டி நிறம்தான். கறுப்பு என்பது இடிமேகத்தின் நிறம், அதுவும் ஒரு பக்கமாக வரும்.

கீழ் அடுக்கைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன். மழை பெய்து நனைந்த காற்றில், பெரிய மேகத்துக்குக் கீழே கிழிந்த துணி மாதிரி சின்னச் சின்ன மேகங்கள் வேகமாக ஓடுமே, அவை. அடி 500 அல்லது 600 அடி, மேல்பகுதி 900 அடி, பரவல் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு, அடர்த்தி மிகக் குறைவு, சிதறல் அதிகம். இந்த ஓர் அடுக்கால்தான் விமானம் நகர்வதே உணர்வாகிறது. இது இல்லாவிட்டால் சாம்பல் நிறத் தாளுக்கு அடியில் நிற்பது போல இருக்கும்.

ஃபிளைட்கியர்காரர்கள் இதையே மெட்டார் வரியில் மூன்று மேகக் குறிப்புகளாக எழுதலாம்: 600 அடியில் சிதறலாக ஒன்று, 1,000 அடியில் முழு மூட்டம் ஒன்று, 10,000 அடியில் முழு மூட்டம் மற்றொன்று. விரிவான வானிலை முறையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், அடிப்படை முறையில் மேகங்கள் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

உயரத்தைக் கணக்கிட ஒரு பழைய குறுக்குவழி உண்டு. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 400 அடி. 26 டிகிரியும் 24 டிகிரியும் என்றால் 800 அடி. இது வெயிலில் சூடாகி எழும் கியூமுலஸ் மேகத்துக்கான கணக்கு, மந்தாரத்துக்கு அப்படியே ஒத்துவராது. கோபுரத்தைப் பார்ப்பது இதைவிட நம்பகமானது.

இன்னொன்று. மேக உயரம் கடல்மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பாம்பனில் இது பெரிய விஷயமே இல்லை, தரையும் கடலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இங்கிருந்து கிளம்பி மதுரைக்குப் போனீர்கள் என்றால், அந்த விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 459 அடி உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 900 அடியில் வைத்த மேகம் மதுரை ஓடுதளத்துக்கு மேலே 440 அடியில் நிற்கும். முதல் தடவை இது தெரியாமல் போய், ஓடுதளம் எங்கே என்று கடைசி நொடி வரை தேடினேன். அப்போது சிமுலேட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

படி 5: வெளிச்சம்

முழு வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். கனத்த மந்தாரத்தில் அது பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். சிமுலேட்டர் இதைக் கணக்கிட்டாலும், கேமரா மாதிரி தானாகவே திரையைப் பிரகாசமாக்கி அந்த இருட்டைத் தின்றுவிடுகிறது. மனிதக் கண்ணும் அப்படித்தான் பழகும் என்பது உண்மை, ஆனால் விளையாட்டில் கொஞ்சம் அதிகமாகவே செய்கிறார்கள்.

மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலில் ‘புளூம்’, ‘லென்ஸ் ஃபிளேர்’ போன்ற ஒப்பனைகளை அணையுங்கள். மந்தாரத்தில் மினுக்க எதுவும் இல்லை. இரண்டாவது, திரையின் பிரகாசத்தைக் கையால் குறையுங்கள். நான் வெயில் நாளுக்கு வைப்பதில் பாதிக்குக் கீழே வைக்கிறேன். மூன்றாவது, நேரத்தை மதியம் 12 மணியில் வைக்காமல் காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்கோ தள்ளுங்கள். நவம்பர் மாதத்து மாலை 5 மணி, மேலே சொன்ன மூன்றடுக்கு, 3 கிலோமீட்டர் பார்வைத் தூரம்: இந்தச் சேர்க்கையில் கடலும் வானமும் ஒரே நிறமாகிவிடும். அடிவானக் கோடு மறையும். மறைந்ததும் கை தானாகவே செயற்கை அடிவானக் கருவியைத் தேடும். அதுதான் நாம் தேடிய இடம்.

மேகத்தின் கிராஃபிக்ஸ் தரத்தை முடிந்தவரை ஏற்றுங்கள். கணினி திணறினால் கட்டடம், மரம் போன்றவற்றைக் குறைத்து ஈடுகட்டலாம், எப்படியும் அவை மூட்டத்துக்குள் தெரியப்போவதில்லை. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு மரமும் அதிகம் கிடையாது!

படி 6: காற்று, மழை, அழுத்தம்

காற்று 040 முதல் 060 டிகிரிக்குள், அதாவது வடகிழக்கிலிருந்து, 15 முதல் 20 நாட். கொண்டல் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் இது தலைகீழ். எக்ஸ்-பிளேன் 12-இல் அலை காற்றைப் பொறுத்து எழும், ஆனால் தீவின் மறைவை அது பார்ப்பதாகத் தெரியவில்லை. இரு பக்கமும் ஒரே ஆட்டம்தான். புயல் சின்ன நாள் வேண்டுமென்றால் 30 நாட்டைத் தாண்டுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அது 31 நாட்.

மழையை மிதமாக வையுங்கள். மழை நகர்த்தியை முழுக்க ஏற்றினால் கண்ணாடியில் தண்ணீர் வழியும், பார்வைத் தூரமோ நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கலாம். கனமழை வேண்டுமென்றால் பார்வைத் தூரத்தையும் சேர்த்தே ஒரு கிலோமீட்டருக்கு இறக்க வேண்டும்.

காற்றழுத்தத்தை 1013 ஹெக்டோபாஸ்கலிலேயே விட்டுவிடாதீர்கள். கொண்டல் நாளுக்கு 1008, புயல் சின்னம் அருகில் என்றால் 1003. உயரமானியையும் அதற்கேற்பத் திருத்துங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி வீதம், 1003 நாளில் 1013 வைத்துப் பறந்தால் கருவி 300 அடி அதிகமாகக் காட்டும். 500 அடியில் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு 200 அடியில் பறப்பீர்கள். மூட்டத்துக்குள் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. வெப்பநிலை 25, 26 போதும்.

படி 7: பறந்து பார்த்துத் திருத்துங்கள்

உச்சிப்புளியில் 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெற்ற கடற்படை விமான தளம் இருக்கிறது. உங்கள் சிமுலேட்டரில் அந்த ஓடுதளம் இருந்தால் அங்கிருந்து கிளம்பலாம். இல்லாவிட்டால் மண்டபத்துக்கு மேற்கே ஐந்து மைல் தள்ளி, 700 அடி உயரத்தில் வானத்திலேயே தொடங்குங்கள்.

சாலையை இடது பக்கம் வைத்துக் கிழக்கே போங்கள். மண்டபம் தாண்டியதும் பாலம் வர வேண்டும். இரண்டு பாலங்களும் ஒரே சமயத்தில் முழுக்கத் தெரிந்தால் பார்வைத் தூரம் அதிகம், இறக்குங்கள். பாலத்தின் தொடக்கம் தெரிந்து முடிவு தெரியாமல், பறக்கப் பறக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தால் சரி. தெற்கே குருசடைத் தீவு ஒரு கருத்த கறையாகத் தெரிந்தால் போதும், பச்சை நிறம் தெரியவே கூடாது. பாம்பனைத் தாண்டியபின் தீவின் தென்கரையைப் பிடித்துக்கொண்டு, கோபுரத்தையும் ஊரையும் இடப்பக்கம் தள்ளி விட்டுவிட்டு தனுஷ்கோடிக்குப் போங்கள். அங்கே தரை குறுகி ஒரு சாலை அளவுக்கு ஆகிவிடும், இரண்டு பக்கமும் கடல். அரிச்சல்முனையில் சாலை முடிந்ததும் முன்னால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அந்த இடத்தில் வயிறு லேசாகக் கலங்கினால் அமைப்பு நன்றாக வந்திருக்கிறது. கலங்காவிட்டால் அடிவானம் இன்னும் தெரிகிறது என்று பொருள், பார்வைத் தூரத்தை இன்னும் அரை கிலோமீட்டர் குறைத்துப் பாருங்கள்.

நிஜத்தில் இப்படி யாரும் பறக்கக் கூடாது. கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு 5 கிலோமீட்டர் பார்வைத் தூரமும், விமான நிலையத்தில் 1,500 அடி மேக உயரமும் வேண்டும் என்பது விதி. நாம் வைத்திருப்பது கருவியைப் பார்த்துப் பறக்கும் வானிலை. அதனால் இறங்குவதையும் அப்படியே பழகுங்கள். ஐ.எல்.எஸ். (ரேடியோ அலையால் விமானத்தை ஓடுதளத்துக்கு இறக்கிக் கொண்டுவரும் வழிகாட்டி) உள்ள ஓடுதளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேகத்தின் அடியைத் தரையிலிருந்து 250 அடியில், பார்வைத் தூரத்தை 800 மீட்டரில் வையுங்கள். முதல் வகை ஐ.எல்.எஸ்.-இல், இறங்குவதா மீண்டும் மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரம் 200 அடி. மூன்று டிகிரிச் சரிவில் அந்த உயரத்தில் இருக்கும்போது, சக்கரம் தொட வேண்டிய இடம் இன்னும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, 1,160 மீட்டர் தள்ளி இருக்கும். 800 மீட்டர் பார்வையில் அது தெரியாது. வழிகாட்டும் விளக்கு வரிசைதான் தெரியும். ‘ஓடுதளம் தெரியவில்லையே, சிமுலேட்டர் தப்பு’ என்று மேகத்தை உயர்த்திவிடாதீர்கள்.

மற்ற இரண்டு வகைகள்

காலைப் பனி: எங்கள் கடல் எப்போதும் வெதுவெதுப்பானது, அதனால் கடல்மேல் கனத்த மூடுபனி வைத்தால் பொய்யாகத் தெரியும். உள்ளே தள்ளி, ராமநாதபுரம் பெரிய கண்மாய், ராஜசிங்கமங்கலம் கண்மாய்ப் பக்கம் வையுங்கள். ஓர் அடுக்கு மேகத்தின் அடியைத் தரைக்கும் கீழே இறக்கி, மேல்பகுதியை 100 அடியில் நிறுத்துங்கள். மற்ற இரண்டு அடுக்குகளும் காலி, காற்று 2 நாட், நேரம் காலை ஆறரை. மேலிருந்து பார்த்தால் கண்மாய்க் கரையும் பனைமரத் தலைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு இதைக் கலைத்துவிடுங்கள்.

கச்சான் வெளுப்பு: மேகமே தேவையில்லை, வேண்டுமானால் 3,000 அடியில் சில துண்டுகள். காற்று தென்மேற்கிலிருந்து 20 நாட், பார்வைத் தூரம் 6 முதல் 8 கிலோமீட்டர், மைக்ரோசாஃப்ட்டில் ஏரோசால் பாதி. இதில் மட்டும் மஞ்சள் பூப்பது சரி. கமுதி சூரிய மின்நிலையத்தின் கண்ணாடிகள் தூரத்தில் ஏரி மாதிரி மங்கலாகத் தெரியும்.

எல்லாம் சரியாக வந்ததும் ஒவ்வொன்றையும் தனிப் பெயரில் சேமியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு வானிலையையும் ஒரு சின்னக் கோப்பாக வைக்கிறது. நோட்பேடில் திறந்தால் அடுக்குகளின் உயரமும் அடர்த்தியும் எண்களாகவே இருக்கும், அதில் நேரடியாகத் திருத்தலாம். ஒரு நகல் பென் டிரைவிலும் இருக்கட்டும். என்னுடைய கோப்பின் பெயர் ‘கொண்டல் 5’. முந்தைய நான்கையும் சித்தப்பா கழித்துவிட்டார்.